27 சென்டிமீட்டருக்குள் ஒரு பறவை

தை, மாசி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். சாலையோரத் தடுப்பை ஒட்டி முக்காலிகள், அவற்றின் மேல் முழங்கை நீள லென்ஸ்கள். எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்து நிற்கும். ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே இருந்த இடத்திலேயே சிறகடித்தபடி மீனைக் குறிபார்க்கும். பத்துப் பதினைந்து கேமராக்கள் ஒரே நேரத்தில் படபடக்கும். பிறகு ஒவ்வொருவரும் திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சிலர் முகம் மலரும். “ஃபோகஸ் போச்சுண்ணே, பின்னாடி இருக்கிற சம்புதான் ஷார்ப்பா இருக்கு” என்று யாராவது ஒரு தம்பி சொல்வார்.

கையில் இருப்பது பல லட்சம் ரூபாய்க் கேமரா. நொடிக்கு இருபது படம் எடுக்கும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் என்று சொல்லி விற்கப்பட்டது. அது ஏன் பறவையை விட்டுவிட்டுப் புல்லைப் பிடித்தது? கேமரா எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்ளாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதலில் ஒரு கணக்கு. ஃபுல் ஃபிரேம் சென்சார் கொண்ட கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 4 துளையில் வைத்து, 20 மீட்டர் தொலைவில் இருக்கும் பறவையைப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே பறவை 10 மீட்டருக்கு வந்துவிட்டால் தெளிவின் ஆழம் 7 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். தொலைவு பாதியானால் ஆழம் கால்பங்காகும் என்பது ஒளியியல் விதி. அப்போது அலகின் நுனி கூர்மையாகவும் கண் மங்கலாகவும் விழ வாய்ப்பு உண்டு. பறவைப் படத்தில் கண் மங்கினால் மற்ற எதுவும் அதை ஈடுசெய்யாது.

இதோடு வேகத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு மீசை ஆலா கேமராவை நோக்கி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். எஸ்எல்ஆர் கேமராவில் பொத்தானை அழுத்திய பிறகு கண்ணாடி மேலே எழும்பி ஷட்டர் திறக்க ஏறத்தாழ நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் ஆலா அரை மீட்டர் நகர்ந்துவிடும். அழுத்திய கணத்தில் ஃபோகஸ் மிகச் சரியாக இருந்தால்கூட, படம் பதிவாகும் கணத்தில் பறவை அந்த 27 சென்டிமீட்டருக்கு வெளியே இருக்கும். ஆகவே நல்ல ஆட்டோஃபோகஸ் பறவை இப்போது இருக்கும் இடத்தைத் தேடுவதில்லை. அடுத்தடுத்து எடுத்த அளவுகளிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு, ஷட்டர் திறக்கும்போது அது எங்கே இருக்கும் என்று ஊகித்து, லென்ஸை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. கேனான் இதற்கு ஏஐ சர்வோ என்றும், நிக்கானும் சோனியும் ஏஎஃப்-சி என்றும் பெயர் வைத்திருக்கின்றன. ஊகிக்க அதற்குச் சில அளவுகளாவது கையில் வேண்டும். பறவை எழும்பிய பிறகு பொத்தானைத் தொட்டு உடனே சுடுகிறவருக்குப் படம் தவறுவதன் காரணம் இதுதான். பழகியவர்கள் அரை நொடி முன்பே பறவையைப் பின்தொடரத் தொடங்கிவிடுகிறார்கள்.

இனி, தொலைவை அளக்கும் விதத்துக்கு வருவோம். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் சுவரின் முன்னால் விரல் இடம் மாறுவது தெரியும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் இந்த இடமாற்றம் பெரிதாகும். ஃபேஸ் டிடெக்‌ஷன் எனப்படும் முறை இதே வேலையை ஒரே லென்ஸுக்குள் செய்கிறது. லென்ஸின் இடது ஓரம் வழியாக வரும் ஒளி ஒரு பிம்பம், வலது ஓரம் வழியாக வருவது இன்னொரு பிம்பம். ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். இலக்குக்கு முன்னால் ஃபோகஸ் நின்றால் ஒரு பக்கமாகவும், பின்னால் போனால் எதிர்ப்பக்கமாகவும் விலகும். எந்தப் பக்கம், எவ்வளவு என்ற இரண்டும் ஒரே அளவீட்டில் கிடைத்துவிடுவதால் லென்ஸ் நேராக அந்த இடத்துக்குப் பாய்கிறது.

மற்றொன்று கான்ட்ராஸ்ட் டிடெக்‌ஷன். பழைய ரேடியோவில் முள்ளைத் திருப்பி, ஸ்டேஷனைத் தாண்டிப் போய், இரைச்சல் கூடியதும் திரும்பி வந்து நிறுத்துவது போன்றது அது. படத்தின் விளிம்புகள் எங்கே மிகக் கூர்மையாகின்றன என்று லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டித்தான் அது கண்டுபிடிக்கும். அசையாத பொருளுக்குத் துல்லியமான முறை. பறக்கும் ஆலாவுக்கு உதவாது.

ஆட்டோஃபோகஸ் கேமராவுக்குள் வந்த வரலாறும் சுவையானது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1960களிலேயே இதற்கான காப்புரிமைகளை வாங்கத் தொடங்கி, 1976இல் ஃபோட்டோகினா கண்காட்சியில் மாதிரியைக் காட்டியது, கடைக்குக் கொண்டுவரவில்லை. மறு ஆண்டே ஹனிவெல் நிறுவனத்தின் கருவியைப் பொருத்திய கோனிகா சி35 ஏஎஃப், பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமராவானது. 1978இல் போலராய்டு வௌவாலின் வழியைப் பிடித்தது. மீயொலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளந்தது. இருட்டிலும் வேலை செய்த அந்தக் கேமரா, ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரைப் படமெடுக்கச் சொன்னால் கண்ணாடியையே ஃபோகஸ் செய்தது. 1985இல் வந்த மினோல்டா 7000 மோட்டாரையும் உணரியையும் கேமரா உடலுக்குள்ளேயே அடக்கிச் சந்தையைப் புரட்டிப் போட்டது. அதற்கு அந்நிறுவனம் கொடுத்த விலையும் பெரிது. ஹனிவெல் தொடுத்த காப்புரிமை வழக்கில் தோற்று, 1992இல் 12 கோடியே 75 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. இதற்கிடையே 1987இல் கேனான், இஓஎஸ் வரிசைக்காகத் தன் பழைய லென்ஸ் பூட்டையே கைவிட்டு, மோட்டாரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் கனமான டெலி லென்ஸை நகர்த்த அதற்கேற்ற மோட்டார் அதன் அருகிலேயே இருக்க வேண்டும் என்ற முடிவு சரியானதாக நிலைத்தது. இன்று விற்கும் ஏறத்தாழ எல்லா ஆட்டோஃபோகஸ் லென்ஸும் அந்த வழியில்தான் செய்யப்படுகிறது.

சென்னைக்காரர்கள் இங்கே மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையாளர் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. அ. மாதவையாவின் மகனான அவர் (1912–1996) காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளைப் படச்சுருளில், கையால் ஃபோகஸ் திருப்பியே எடுத்தார். விலங்கு எங்கே வந்து நிற்கும் என்று அதன் நடத்தையை வைத்து முன்கூட்டியே ஊகிக்கும் வேலையை அங்கே கேமரா செய்யவில்லை, அவர் செய்தார். இன்றைய கேமரா ஊகிப்பது அரை நொடிக்கும் குறைவான எதிர்காலத்தை மட்டுமே. மீன்கொத்தி எந்தக் கழிக்குத் திரும்பும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பறவை எந்தத் திசையில் எழும்பும் என்பதெல்லாம் இன்னும் மனிதரின் பங்குதான்.

எஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபேஸ் டிடெக்‌ஷன் உணரி, கண்ணாடிப் பெட்டியின் அடியில் தனியாக இருக்கிறது. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடும். பின்னால் உள்ள குட்டிக் கண்ணாடி அதைக் கீழே திருப்பும். 2016இல் வந்த நிக்கான் டி5இன் உணரியில் 153 புள்ளிகள். அவற்றில் 99 குறுக்குவகைப் புள்ளிகள், அதாவது நெடுக்கான கோட்டையும் கிடையான கோட்டையும் ஒருசேர உணர்பவை. மற்றவை ஒரு திசைக்கு மட்டுமே. இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. அளப்பது ஓரிடத்தில், படம் விழுவது வேறிடத்தில். இரண்டு பாதைகளின் நீளமும் முடியளவு மாறினாலும் எல்லாப் படத்திலும் ஃபோகஸ் சற்று முன்னாலோ பின்னாலோ விழும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக நுண்திருத்தம் செய்யும் வசதியைத் தொழில்முறைக் கேமராக்களில் கொடுத்தது இதனால்தான்.

மிரர்லெஸ் கேமராவில் அந்தச் சிக்கல் போய்விட்டது. சென்சாரே அளக்கிறது. கேனான் 2013இல் இஓஎஸ் 70டியில் கொண்டுவந்த முறையில் ஒவ்வொரு பிக்சலும் இடது வலது என இரு பாதிகளாகப் பிளக்கப்பட்டு, இரண்டும் இரு கண்களாக வேலை செய்தன. ஆனால் இடது வலதாகப் பிளந்த கண்களுக்குக் கிடைமட்டக் கோடுகள் மட்டுமே உள்ள பரப்பு கிட்டத்தட்ட வெற்றுச் சுவர். காற்றில்லாத நாளில் ஏரியின் மெல்லிய அலைகள், கடைகளின் ஷட்டர் கதவு, மடிப்பு குறுக்காக ஓடும் பட்டுப்புடவை — இவற்றில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைபாயும். களத்தில் இதை “ஹன்ட் ஆகுது” என்பார்கள். தீர்வு எளிது. கேமராவைச் சில டிகிரி சாய்த்தால் கிடைக்கோடு சாய்கோடாகிவிடும், உணரி உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் கேமராவை நிமிர்த்திப் படம் எடுக்கலாம். பல ஆண்டுகள் படமெடுத்தவர்களில்கூட இதைத் தெரியாதவர்கள் இருப்பது வருத்தமான விஷயம். 2022இல் ஓஎம்-1, 2024இல் கேனான் ஆர்1 போன்றவை இரு திசையையும் சென்சாரிலேயே உணரும் அமைப்போடு வந்தன.

அடுத்த மாற்றம் கணக்கில் வந்தது. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நரம்பியல் வலைப்பின்னல் கேமராவுக்குள் ஏறியது. 2019இல் சோனி விலங்குகளின் கண்ணைப் பின்தொடரும் வசதியைக் கொடுத்தது. 2020இல் கேனான் ஆர்5 பறவைகளையும் சேர்த்தது. 2021இல் நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரே இல்லாமல் வந்தது. இப்போது கேமரா “இது பறவை, இது அதன் தலை, இது கண்” என்று அடையாளம் காண்கிறது. ஆனால் அடையாளம் காண்பதும் அளப்பதும் இருவேறு வேலைகள். கண் எங்கே என்று வலைப்பின்னல் சொன்ன பிறகும் தொலைவைக் கண்டுபிடிப்பது அதே பழைய இடது வலது ஒப்பீடுதான். கண்ணைச் சுற்றிச் சதுரம் தெரிவதை வைத்து ஃபோகஸ் கண்ணில் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கரிச்சான் குருவி நல்ல எடுத்துக்காட்டு. தலையும் கருப்பு, கண்ணும் கருமை கலந்த செம்மை. மேகமூட்டத்தில் கண்ணை அடையாளம் காண்பதே கேமராவுக்குக் கடினம். கண்டாலும் அங்கே ஒப்பிட விளிம்பு குறைவு. அதே இடத்தில் சிவந்த கண்ணும் வெள்ளைக் கழுத்தும் கொண்ட நெடுங்கால் உள்ளானை ஒரு நொடியில் பிடித்துவிடும்.

பள்ளிக்கரணையில் பெரிய எதிரி சம்பு. பறவைக்கும் கேமராவுக்கும் இடையில் அது அசைந்துகொண்டே இருக்கும். அகலமான ஃபோகஸ் பரப்பைத் தேர்ந்திருந்தால், அந்தப் பரப்புக்குள் எது அருகிலும் கான்ட்ராஸ்ட் மிகுந்தும் இருக்கிறதோ அதைத்தான் கேமரா முதலில் பிடிக்க முனையும். ஆகவே சம்புக்குள் நடக்கும் நீலத் தாழைக்கோழிக்கு ஒற்றைப் புள்ளி. திறந்த நீருக்கு மேல் பறக்கும் ஆலாவுக்கு நடுத்தரப் பரப்பு. பின்னணி வெறும் வானமானால் அகலப் பரப்பு. ஒரே காலையில் மூன்றும் தேவைப்படும். கேமராவின் பொத்தான்களுக்கு இவற்றைத் தனித்தனியாக ஒதுக்கி, வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலாலேயே மாற்றப் பழகுவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி.

பேக் பட்டன் ஃபோகஸ் என்ற பழக்கமும் இதைச் சார்ந்ததே. ஷட்டர் பொத்தானிடமிருந்து ஃபோகஸ் வேலையைப் பிரித்துப் பின்பக்கக் கட்டைவிரல் பொத்தானுக்குக் கொடுத்துவிடுவது. மீன்கொத்தி கழியில் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை ஃபோகஸ் செய்து கட்டைவிரலை எடுத்துவிட்டால், எத்தனை படம் எடுத்தாலும் லென்ஸ் அசையாது. எழும்பியதும் கட்டைவிரல் மீண்டும் அழுத்தும், தொடர்தல் தொடங்கும். பெரிய லென்ஸ்களின் பக்கவாட்டில் உள்ள தொலைவு வரம்புச் சுவிட்சையும் பலர் தொடுவதே இல்லை. சாலையிலிருந்து எடுக்கும்போது பத்து மீட்டருக்குள் எந்தப் பறவையும் வரப்போவதில்லை. சுவிட்சை மாற்றிவிட்டால், குறி தவறும்போது லென்ஸ் மூக்குக்கு நேராக ஓடிவந்து திரும்பும் வீண் பயணம் மிச்சமாகும்.

சாலையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட வேண்டியது. சதுப்பு காப்புக்காடு, 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அனுமதியின்றி உள்ளே இறங்குவது சட்டமீறல் என்பதோடு, கூடு வைத்த பறவைகளைக் கலைக்கும் செயலும்கூட. எனவே தொலைவு கூடும், அதனோடு கானல் பிரச்சினையும் வரும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது. கேட்கச் சிறியது. ஆனால் வெயில் ஏறிய தார்ச்சாலைக்கும் தண்ணீருக்கும் மேலே சூடான காற்றுக் குமிழ்கள் எழும்பும்போது, நூறு மீட்டர் தாண்டி வரும் ஒளி வழியெல்லாம் வளைந்து வளைந்து வருகிறது. இடது பிம்பமும் வலது பிம்பமும் வேறுவேறு காற்றின் வழியாக வந்து சேர்வதால், அளவீடே நொடிக்கு நொடி மாறுகிறது. அசையாமல் உட்கார்ந்த கூழைக்கடாவின் மேல் ஃபோகஸ் நடுங்குவதற்கு இதுவே காரணம். எந்த விலைக் கேமராவும் இதைச் சரிசெய்யாது. காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது அல்லது அருகில் வரும் பறவையை மட்டும் எடுப்பது, இரண்டே வழி.

ஏசி அறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. சென்னைக் காற்றின் பனிநிலை ஆண்டின் பல மாதங்களில் 24, 25 டிகிரியைத் தொடும். 22 டிகிரிக்குக் குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்ததும் அதன் மேல் நீராவி படியும். விளிம்புகள் கரைந்துபோன பிம்பத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியில் வைத்தால் கண்ணாடி தானாகச் சூடேறிவிடும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படையின் 92ஆவது ஆண்டு வான்சாகசமும், 8ஆம் தேதி தாம்பரம் தளத்தில் நடந்த அணிவகுப்பும் தென்சென்னை முழுவதையும் அண்ணாந்து பார்க்க வைத்தன. வானத்து விமானம் பறவையைவிடக் கடினம் என்று தோன்றும். பல வகையில் எளிது. போட்டிக்கு வேறு பொருள் இல்லாத வெறும் வானத்தில் அகலப் பரப்பு விமானத்தை மட்டுமே பிடிக்கும். 400 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8இல் முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால் ஏறத்தாழ 670 மீட்டருக்கு அப்பால் உள்ள அனைத்தும் தெளிவாக விழும். சூர்யகிரண் அணியின் ஹாக் விமானங்கள் அதற்கு அப்பால் இருக்கும்வரை அவற்றின் வேகம் ஃபோகஸைப் பாதிக்காது. ஆபத்து வேறிடத்தில். குறி ஒரு கணம் விமானத்தைவிட்டு நழுவினால், விளிம்பே இல்லாத நீலத்தில் லென்ஸ் அருகிலிருந்து முடிவிலிவரை தேடிப் போய்விடும். திரும்பி வருவதற்குள் விமானம் கடந்திருக்கும்.

கல்யாண மண்டபம் இதற்கு நேரெதிர். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ முகூர்த்த நாளில் மேடையில் நிற்கும் புகைப்படக்காரருக்கு முன் இருப்பது சில மீட்டர்தான். 85 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 1.4, இரண்டு மீட்டர் தொலைவு என்றால் தெளிவின் ஆழம் நாலரை சென்டிமீட்டர். மணமகளின் அருகுக் கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் காதோரம் ஜிமிக்கி மங்கிவிடும். சற்றுப் பின்னால் இருக்கும் மாப்பிள்ளை முகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துளையை எஃப் 4க்குக் குறைத்தால் ஆழம் 13 சென்டிமீட்டராகும். அந்த ஒரு நிமிடத்துக்காவது ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொண்டு இதைச் செய்வது நல்லது.

கெட்டிமேளம் முழங்கும்போது அட்சதை பறக்கும். நாலாபுறமிருந்தும் வந்து விழும் அரிசியும் பூவும் கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவே கடக்கின்றன. தொடர் ஃபோகஸில் இருக்கும் கேமராவுக்கு இது புதிதாக அருகில் வந்த இலக்கு. அதன் பின்னால் போய்விடக்கூடும். இதற்காகவே எல்லாத் தொழில்முறைக் கேமராக்களிலும் ஓர் அமைப்பு இருக்கிறது. குறுக்கே ஏதாவது வந்தால் உடனே மாற வேண்டுமா, சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டுமா என்று சொல்வது அது. நிக்கான், சோனி இரண்டிலும் 1 முதல் 5 வரை அளவு உண்டு. தாலி கட்டும் நேரத்துக்குப் பொறுமையான பக்கம். ஆலா திடீரென்று திசை மாறும் சதுப்புக்குச் சுறுசுறுப்பான பக்கம். ஒரு கேமராவை இரண்டு வேலைக்கும் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மண்டபத்தில் வைத்த அமைப்போடு ஞாயிறு காலை பள்ளிக்கரணைக்குப் போய்ப் படத்தைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் தனித்தனி நினைவகங்களில் சேமித்துவைக்கும் டயல் கேமராவின் தலையிலேயே இருக்கிறது.

கற்றுக்கொள்ள அரிய பறவை தேவையில்லை. தாம்பரம் மொட்டை மாடிக் காகமும், பெருங்குடிக் குப்பைமேட்டுக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்தும் போதும். கரும்பருந்து மெதுவாக, சீராகச் சுற்றும். பின்தொடரும் கையைப் பழக்க அதைவிட நல்ல பறவை தென்சென்னையில் இல்லை. முக்கியமான வேலை வீட்டுக்கு வந்த பிறகு இருக்கிறது. மங்கிய படங்களை அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும். பறவைக்குப் பின்னால் சம்பு கூர்மையாக இருந்தால் பரப்புத் தேர்வு தவறு. முன்னால் தண்ணீர் கூர்மையாக இருந்து, வரிசையாக எல்லாப் படங்களிலும் அப்படியே இருந்தால், எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கு நுண்திருத்தம் வேண்டும். உடல் கூர்மை, சிறகு நுனி மட்டும் மங்கல் என்றால் ஃபோகஸில் பிழை இல்லை. ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குப் போக வேண்டும். முன்னும் பின்னும் எதுவுமே கூர்மையாக இல்லை என்றால் கை அசைந்திருக்கலாம், அல்லது காற்று கொதித்திருக்கலாம். படம் எடுத்த நேரத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.